மனிதத் தோல்: எந்த அடுக்கு என்ன செய்கிறது?

கேட்கப்பட்ட கேள்வி இது. வடை சுடும்போது எண்ணெய் தெறித்துப் புறங்கையில் கொப்புளம் எழுந்தது. மூன்றாம் நாள் அது உடைந்து வெண்மையான மெல்லிய தோல் கழன்று வந்தது. அடியில் சிவந்து ஈரமாக இன்னொரு தோல் தெரிந்தது. அப்படியானால் நமக்கு இருப்பது ஒரு தோலா, இரண்டு தோலா? உடலைப் போர்த்தி வைப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை உண்டா?

உடற்கூறியல் கற்பிப்பவன் என்ற முறையில் இக்கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஏனென்றால் தோலின் அமைப்பைப் புரிந்துகொள்ள ஒரு தீக்கொப்புளத்தைவிட நல்ல பாடநூல் இல்லை. கழன்று வந்தது மேல்தோல். அடியில் ஈரமாகத் தெரிந்தது உள்தோல். இரண்டும் இறுகப் பிணைந்திருப்பதால் ஒரே தோலாகத் தோன்றினாலும், கருவிலேயே இவற்றின் பிறப்பிடம் வேறு. மூளையும் நரம்பும் கருவின் வெளி அடுக்கான எந்தப் புறப்படையிலிருந்து உருவாகின்றனவோ அதே படையிலிருந்து மேல்தோல் உருவாகிறது. எலும்பையும் தசையையும் தரும் நடுப்படையிலிருந்து உள்தோலின் பெரும்பகுதி வருகிறது. இவற்றுக்குக் கீழே, தோலைத் தசையோடு தளர்வாக இணைத்து வைக்கும் கொழுப்பு அடுக்கு ஒன்று உண்டு. வளர்ந்த ஒருவரின் தோலை விரித்துப் போட்டால் ஏறத்தாழ 1.5 முதல் 2 சதுர மீட்டர் வரை வரும். இவ்வளவு பரப்பும் எடையும் கொண்டு, தனக்கென இரத்த ஓட்டமும் நரம்பும் சுரப்பிகளும் வைத்திருப்பதால்தான் இதனை ஓர் உறுப்பு என்றே கருதுகிறோம்.

முதலில் மேல்தோல். கண்ணிமையில் இதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான்; உள்ளங்காலில் ஒன்றரை மில்லிமீட்டர் வரை இருக்கும். இதில் இரத்த நாளம் ஒன்றுகூட இல்லை. சவரம் செய்யும்போது மிக மேலோட்டமாகச் சீவப்பட்ட இடத்தில் எரிச்சல் மட்டும் இருந்து இரத்தம் வராமல் போவது இதனால்தான். இரத்தம் வந்துவிட்டால் கத்தி உள்தோலைத் தொட்டுவிட்டது என்று பொருள். மேல்தோலின் செல்கள் தமக்கு வேண்டிய ஊட்டத்தையெல்லாம் அடியிலிருக்கும் உள்தோலின் நாளங்களிலிருந்து கசிந்து வருவதைக் கொண்டே பெறுகின்றன.

மேல்தோலின் அடிவரிசையில் இருக்கும் செல்கள் ஓயாமல் பிரிந்து பெருகுகின்றன. பிறந்த செல் மெல்ல மேலே தள்ளப்படுகிறது; தள்ளப்படும்போதே தன்னுள் கெரட்டின் என்னும் உறுதியான புரதத்தை நிரப்பிக்கொள்கிறது. நகத்துக்கும் முடிக்கும் இறுக்கம் தருவதும் இதே புரதம்தான். பாதி வழியில் அது கொழுப்புப் பொருள்களைத் தன் சுற்றுப்புறத்தில் கொட்டிவிட்டு, உட்கருவையும் இழந்து, தட்டையான ஒரு செதிலாக மேல்பரப்பை அடைகிறது; பின்பு உதிர்கிறது. இந்தப் பயணம் முழுவதற்கும் ஏறத்தாழ நான்கு வாரம், வயது கூடினால் இன்னும் சில வாரம் பிடிக்கும். சொரியாசிஸ் நோயில் இதே பயணம் சில நாள்களுக்குள் முடிந்துவிடுவதால், முதிராத செதில்கள் வெள்ளிப் பொடியைப் போல அடுக்கடுக்காகச் சேர்கின்றன.

ஆகவே நாம் தொட்டுப் பார்க்கும் தோலின் மேல்பரப்பு உயிரற்றது. அந்த உயிரற்ற அடுக்குதான் நம்மை உயிரோடு வைத்திருக்கிறது. செதில்களைச் செங்கல் என்றும், இடையில் கொட்டப்பட்ட கொழுப்பைச் சாந்து என்றும் பாடங்களில் சொல்வது வழக்கம். செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் என்னும் மூன்றும் கலந்த இந்தச் சாந்து, உடலின் நீர் வெளியே ஆவியாகிப் போகாமல் தடுக்கிறது. வியர்க்காதபோதுகூட நலமான தோலின் வழியே நாள்தோறும் ஏறத்தாழ 350 மில்லிலிட்டர் நீர் நமக்குத் தெரியாமல் வெளியேறுகிறது. உடலின் பெரும்பகுதி வெந்துபோன ஒருவருக்கு இது பத்து மடங்கு வரை உயர்ந்துவிடும். தீக்காயப் பிரிவில் சேர்க்கப்பட்டவருக்கு முதல் நாளில் இரத்தக் குழாய் வழியே இவ்வளவு திரவம் ஏன் ஏற்றுகிறார்கள் என்று உறவினர்கள் திகைப்பதுண்டு. இந்த ஆவியிழப்பு ஒரு காரணம். வெந்த இடத்தின் இரத்த நாளங்கள் இரத்தத்தின் நீர்ப்பகுதியான ஊநீரைக் கசியவிடுவது அதைவிடப் பெரிய காரணம். உங்கள் புறங்கைக் கொப்புளத்தில் தேங்கி நின்ற மஞ்சள் நீரும் அப்படிக் கசிந்த ஊநீர்தான்.

இந்தச் சாந்தை நாமே கரைத்துக்கொள்ளும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோலின் மேல்பரப்பு இயல்பாகவே சிறிது அமிலத்தன்மை கொண்டது. அதன் பிஎச் அளவு ஏறத்தாழ 4.5 முதல் 5.5 வரை இருக்கும். தீங்கு செய்யும் பல நுண்ணுயிர்கள் இதில் தழைப்பதில்லை. நாம் பயன்படுத்தும் பெரும்பாலான குளியல் சோப்புகளின் அளவோ 9, 10 என்ற காரப் பக்கத்தில் இருக்கிறது. நாளுக்கு இரண்டு முறை உடல் முழுவதும் சோப்புத் தேய்த்துக் குளித்துவிட்டு, தோல் வறண்டு அரிக்கிறது என்று வருபவர்களுக்கு முதலில் தேவைப்படுவது மருந்தன்று. சோப்பு அக்குள், இடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்குப் போதும், மற்ற இடத்துக்குத் தண்ணீர் போதும், ஈரம் காயும் முன்னரே கொஞ்சம் எண்ணெயோ களிம்போ தடவுங்கள் என்ற அறிவுரைதான்.

மேல்தோலின் அடிவரிசையில் கெரட்டின் செல்களுக்கு இடையில் பத்துக்கு ஒன்று என்ற அளவில் நிறமி செல்கள் அமர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு நிறமி செல்லும் மெல்லிய கைகளை நீட்டி, தன்னைச் சுற்றியிருக்கும் ஏறத்தாழ 36 கெரட்டின் செல்களுக்கு மெலனின் துகள்களை வழங்குகிறது. பெற்றுக்கொண்ட செல் அத்துகள்களைத் தன் உட்கருவின் மேற்புறத்தில் குடைபோலக் கவித்து வைத்துக்கொள்கிறது. சூரியனின் புறஊதாக் கதிர் மரபணுவைச் சிதைக்காமல் தடுக்கும் நிழல் அது. நுண்ணோக்கியில் இந்தக் குடையை முதன்முதலாகப் பார்க்கும் மாணவர்களின் முகத்தை நான் ஒவ்வோர் ஆண்டும் கவனிக்கிறேன். கறுப்பைப் பற்றிய அவர்களுடைய எண்ணம் அந்தக் கணத்தில் சற்றேனும் மாறுவதாக எனக்குத் தோன்றும். சிவந்தவருக்கும் கறுத்தவருக்கும் நிறமி செல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. அவை செய்யும் மெலனினின் அளவும் வகையும், துகள்களின் பருமனும்தான் வேறு.

இதனால்தான் சிவப்பழகுக் களிம்புகளின்மீது எனக்குக் கடுமையான எதிர்ப்பு உண்டு. மருத்துவரைக் கேட்காமல் கடையில் வாங்கிப் பூசும் களிம்புகள் சிலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. முதல் சில வாரங்களில் முகம் பளிச்சிடும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் சிவப்பு நூல்களாகத் தெரிந்து, பருக்கள் கிளம்பி, நிறுத்தினால் முகம் எரியும். படர்தாமரைக்கு இத்தகைய கலவைக் களிம்பைப் பூசினால் அரிப்பு அடங்கியதுபோல் இருக்கும். பூஞ்சையோ தடையின்றிப் பரவும். நிறமி செல்கள் சில இடங்களில் அழிந்துபோவதால் வருவது வெண்புள்ளி. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே அச்செல்களைத் தாக்குவதால் இது பெரும்பாலும் வருகிறது, தொற்றாது, தொழுநோய்க்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ‘வெண்குட்டம்’ என்ற பழைய சொல் எத்தனையோ திருமணங்களைத் தடுத்திருக்கிறது. அந்தச் சொல்லை விட்டுவிடுவதே முறை.

மேல்தோலில் காவல் செல்களும் உண்டு. 1868இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் கிளைகிளையாக விரிந்த இச்செல்களைக் கண்டறிந்து, நரம்பு செல்கள் என்று எண்ணினார். உண்மையில் அவை, உள்ளே நுழையும் அந்நியப் பொருளைப் பிடித்து அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோய்க் காட்டும் வேலையைச் செய்கின்றன. கவரிங் கம்மல் போட்ட காதுமடல் அரித்துப் புண்ணாவதற்குப் பின்னால், அதிலுள்ள நிக்கலை இச்செல்கள் காட்டிக்கொடுத்த கதை இருக்கிறது.

இனி உள்தோல். இதைப் புரிந்துகொள்ள வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை பக்கத்துத் தோல் பதனிடும் தொழிலைப் பார்த்தால் போதும். ஆட்டுத்தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிரையும் மேல்தோலையும் வழித்து நீக்குகிறார்கள். பிறகு அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சவ்வையும் கொழுப்பையும் சீவி எடுக்கிறார்கள். எஞ்சுவது உள்தோல் மட்டுமே. அதுதான் செருப்பாகவும் பையாகவும் ஆகிறது. முற்காலத்தில் இதைப் பதப்படுத்த ஆவாரம்பட்டை பயன்பட்டது. பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருள் கொலாஜன் நார்களோடு பிணைந்து அவை அழுகாமல் காக்கிறது. செருப்பு அவ்வளவு எளிதில் கிழியாததற்கும், நம் தோல் இழுத்தால் கிழியாததற்கும் காரணம் ஒன்றே: குறுக்கும் நெடுக்குமாகப் பாய்போல் பின்னிக் கிடக்கும் கொலாஜன் நார். அதனோடு கலந்திருக்கும் எலாஸ்டின் நார், இழுத்துவிட்ட தோலைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருகிறது. ஆண்டுக்கணக்கான வெயில் இவ்விரண்டையும் சிதைப்பதால்தான், வயல்வேலை செய்தவரின் பிடரி சுருங்கிப் பாளம்பாளமாக இருக்க, அவரது வயிற்றுத் தோல் மழமழவென்று இருக்கிறது.

பச்சை குத்திய பெயர் அறுபது ஆண்டு கழித்தும் அழியாமல் இருப்பதும் உள்தோலின் தன்மையால்தான். ஊசி மையை மேல்தோலில் விட்டிருந்தால் அது ஒரு மாதத்தில் உதிர்ந்திருக்கும். உள்தோலில் விழுந்த மையை அங்குள்ள விழுங்கு செல்கள் விழுங்கி வைத்துக்கொள்கின்றன. ஒரு செல் மடிந்தால் அதன் மையை அடுத்த செல் எடுத்துக்கொள்கிறது. மருதாணி மேல்தோலோடு நின்றுவிடுவதால் சில வாரத்தில் மறைகிறது.

மேல்தோலும் உள்தோலும் சந்திக்கும் இடம் வழவழப்பான சமதளமன்று. உள்தோல் சிறுசிறு முகடுகளாக மேலே எழும்பி, மேல்தோலின் பள்ளங்களுக்குள் பொருந்தி நிற்கிறது. விரல் நுனியில் இந்த முகடுகள் வரிசையாக அமைந்து கைரேகையாகின்றன. கரு ஐந்து மாதத்தை எட்டுவதற்குள் இந்த வடிவம் முடிவாகிவிடுகிறது. அச்சு உள்தோலில் இருப்பதால், விரல் மேலோட்டமாகச் சுட்டு மேல்தோல் முழுவதும் உரிந்துபோனாலும் ஆறியபின் அதே ரேகை திரும்பி வரும். விரல் நுனியைத் துடைத்துவிட்டு ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் சற்று நேரம் வைத்துப் பாருங்கள். ரேகையின் மேட்டில் வரிசையாகச் சிறு துளைகள் தெரியும். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு துளையிலும் பொடிமணிபோல் ஒரு வியர்வைத் துளி எழும்.

உடலெங்கும் இத்தகைய வியர்வைச் சுரப்பிகள் 20 லட்சத்துக்கும் மேல் உள்ளன. தோலின் பணிகளில், வெப்ப நாட்டில் வாழும் நமக்கு மிக நெருக்கமானது இதுதான். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்கிறது. இங்கே ‘ஆவியாகும்போது’ என்பதே முக்கியமான சொல். சொட்டிக் கீழே விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. சென்னையின் அக்னி நட்சத்திர வெயில், அதைவிட வெப்பநிலை கூடிய வறண்ட ஊர் வெயிலைக் காட்டிலும் மனிதரை வாட்டுவதற்குக் காரணம் காற்றிலுள்ள ஈரப்பதம் வியர்வையை ஆவியாக விடாததுதான். வியர்வையோடு கைகோத்து நடப்பது இரத்த ஓட்டம். இளைப்பாறும்போது நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் குறைவாகத் தோலுக்குச் செல்லும் இரத்தம், கடும் வெப்பத்தில் 7 லிட்டர் வரை கூட உயரும். உட்புறத்தின் வெப்பம் அவ்வாறு மேற்பரப்புக்குக் கொண்டுவரப்படுகிறது. இதயம் பலவீனமான முதியவர்கள் கோடையில் தளர்ந்து விழுவதற்கு இந்தக் கூடுதல் சுமையும் ஒரு காரணம். வியர்வை நாளத்தின் வாய் அடைபட்டு, வியர்வை தோலுக்குள்ளேயே தேங்கினால் வருவது வேர்க்குரு. அதற்குப் பவுடரை அப்புவதைவிடக் காற்றோட்டமும் பருத்தித் துணியும் நல்லவை. பவுடர் வியர்வையோடு குழைந்து மேலும் அடைக்கக்கூடும்.

அக்குளிலும் இடுக்கிலும் வேறு வகையான வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. அவை பருவ வயதில் செயல்படத் தொடங்குகின்றன. அவற்றின் சுரப்புக்கு மணமில்லை, தோலில் வாழும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதே வாடை எழுகிறது. முடிவேர்களோடு ஒட்டிய எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளங்கையும் உள்ளங்காலும் நீங்கலாக ஏறத்தாழ எங்கும் உண்டு. பெரும்பாலான முடிகளுக்கு ஒரு சிறு தசை உண்டு. அது சுருங்குவதையே புல்லரித்தது என்கிறோம்.

அடுத்தது தொடு உணர்வு. தோலின் பணிகளில் நான் மிகப் பெரிதாக மதிப்பது இதைத்தான். மெல்லிய தொடுதலை உணரும் மெய்ஸ்னர் முனைகள் விரல் நுனியில் நெருக்கமாக உள்ளன. ஆழ்ந்த அழுத்தத்தையும் அதிர்வையும் வெங்காயச் செதில்போல் அடுக்கடுக்கான பசினி முனைகள் உணர்கின்றன. வலி, சூடு, குளிர் ஆகியவற்றை மேல்தோல் வரை ஏறி வரும் வெறும் நரம்பு நுனிகளே அறிவிக்கின்றன. மிளகாய் அரைத்த கை ஏன் எரிகிறது என்பதற்கு விடை 1997இல் கிடைத்தது. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டை அறிவிக்கும் அதே உணர்வி, மிளகாயின் காரப்பொருள் பட்டாலும் திறந்துகொள்கிறது. மூளைக்கு இரண்டும் ஒன்றே. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியசும், தொடுதலின் உணர்வியைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியானும் 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இந்த உணர்வு போனால் என்ன ஆகும் என்பதை உலகுக்குத் தெளிவாகக் காட்டிய இடங்களில் வேலூர் முதன்மையானது. கொல்லிமலையில் 1914இல் பிறந்து, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி விழுவதாக அதுவரை நிலவிய நம்பிக்கையை ஏற்கவில்லை. கிருமி தாக்குவது தோலிலும் கைகால்களிலும் உள்ள நரம்புகளை. வலி தெரியாத கை சூடான பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது, வலி தெரியாத கால் முள்ளோடு நடந்துகொண்டே இருக்கிறது. விரல்கள் தேய்ந்து போவது இவ்வாறு கவனிக்கப்படாத காயங்களால்தான் என்று அவர் நிறுவினார். மடங்கிப்போன விரல்களைத் தசைநாண்களை மாற்றிப் பொருத்தி நிமிர்த்தும் அறுவையையும் வளர்த்தெடுத்தார். இன்றும் உடலில் வெளிறிய தேமல் தெரிந்தால், பஞ்சை நூலாகத் திரித்து அந்த இடத்தில் மெல்லத் தொட்டுப் பார்ப்பது அடிப்படைச் சோதனையாக இருக்கிறது. நோயாளி கண்ணை மூடிக்கொண்டு, தொட்ட இடத்தை விரலால் காட்ட வேண்டும். சுற்றிலும் சரியாகக் காட்டிவிட்டு, தேமலின்மேல் தொடும்போது மட்டும் அவர் அசையாமல் காத்திருந்தால் உடனே மருத்துவம் தொடங்க வேண்டும். கூட்டு மருந்தால் இந்நோய் முழுமையாகக் குணமாகும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.

நீரில் நெடுநேரம் ஊறிய விரல் சுருங்குவதும் நரம்பின் வேலையே. நீரை உறிஞ்சித் தோல் உப்பியதால் சுருங்குகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் நரம்பு அறுபட்ட விரல் எவ்வளவு நேரம் ஊறினாலும் சுருங்குவதில்லை. நரம்பு ஆணையிட, விரல் நுனியின் இரத்த நாளங்கள் சுருங்கி, உள்ளிருக்கும் கன அளவு குறைவதாலேயே மேலே மடிப்பு விழுகிறது.

வைட்டமின் டி தயாரிப்பும் தோலின் பணியே. மேல்தோலிலுள்ள கொலஸ்ட்ராலின் முன்னோடிப் பொருள் ஒன்றைப் புறஊதா பி கதிர் மாற்றுகிறது. கல்லீரலும் சிறுநீரகமும் அதை முழுமையாக்குகின்றன. இக்கதிர் சாதாரணச் சன்னல் கண்ணாடியைக் கடந்து வராது என்பதால், கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்து காயும் வெயிலால் இந்தப் பயன் கிடைப்பதில்லை. அடியிலுள்ள கொழுப்பு அடுக்கு எரிபொருளையும் சேமித்து, அடிபட்டால் தாங்கி, குளிரையும் தடுக்கிறது.

இனி உங்கள் புறங்கைக்கே திரும்புவோம். மேல்தோல் முழுவதும் கழன்ற இடத்தில் புதிய மேல்தோல் எங்கிருந்து வந்தது? முடிவேர்களும் வியர்வை நாளங்களும் மேல்தோலிலிருந்தே உள்நோக்கி இறங்கிய குழல்கள். அவற்றின் சுவர்களில் புதிய செல்களைப் பிறப்பிக்கும் குருத்து செல்கள் இருக்கின்றன. சூடு உள்தோலின் மேற்பகுதியோடு நின்றுவிட்டால், ஒவ்வொரு முடிவேரிலிருந்தும் செல்கள் ஊர்ந்து வெளிவந்து, தீவுகள் ஒன்றோடொன்று சேர்வதைப்போல் பரப்பை மூடுகின்றன. இரண்டு வாரத்தில் தழும்பின்றி ஆறுவது இப்படித்தான். உள்தோல் முழுவதும் வெந்து முடிவேர்களும் அழிந்துவிட்டால், காயத்தின் ஓரத்திலிருந்து மட்டுமே செல்கள் வர முடியும். பெரிய காயமானால் தோல் ஒட்டு வைத்தே தீர வேண்டும். அப்போது நரம்பு நுனிகளும் வெந்துவிடுவதால் வலிகூடக் குறைவாக இருக்கும். வெளுத்து, வறண்டு, வலியில்லாமல் இருக்கும் தீக்காயத்தைப் பார்த்து நிம்மதி அடையக்கூடாது. ஒட்டுக்காகத் தொடையிலிருந்து மெல்லிய படலத்தைச் சீவி எடுக்கும்போது, அவ்விடமும் எஞ்சிய முடிவேர்களிலிருந்தே ஆறிக்கொள்கிறது. எடுக்கத் தக்க தோலே போதாதவருக்கு, இறந்தவர் கொடையாக அளித்த தோல் தற்காலிகப் போர்வையாக உதவுகிறது. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் தொடையிலிருந்தும் முதுகிலிருந்தும் மெல்லிய மேற்படலமே எடுக்கப்படுகிறது, உடல் உருக்குலைவதில்லை. கண்தானம் அறிந்த அளவுக்குத் தோல்தானத்தை நம் மக்கள் இன்னும் அறியவில்லை என்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

அடுத்த முறை எண்ணெய் தெறித்தால், ஓடும் குழாய்த் தண்ணீரில் கையை 20 நிமிடம் காட்டுங்கள். பனிக்கட்டி வேண்டாம், அது இரத்த நாளங்களைச் சுருக்கி, தப்பிப் பிழைக்கக்கூடிய உள்தோலையும் கெடுக்கும். பற்பசை, பேனா மை, தோசைமாவு எதையும் தடவ வேண்டாம். கொப்புளம் எழுந்தால் ஊசியால் குத்த வேண்டாம்; கீழே புதிய மேல்தோல் வளர்ந்து மூடும் வரை, அந்த மெல்லிய வெண்படலத்தைவிடத் தூய்மையான கட்டு வேறெதுவும் இல்லை.